வெளிநாட்டு நிவாரணக் களத்துக்குப் போக விரும்பும் மலையகத்துத் தம்பி தங்கைகளுக்கு

2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி மலைநாட்டைச் சிதைத்துவிட்டுப் போன நாளிலிருந்து, இளைஞர்கள் பலர் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். பதுளை, நுவரெலியா, கண்டி, மாத்தளை மாவட்டங்களில் மண்சரிந்த தோட்டங்களுக்கு, வீதி திறபடும் முன்பே அரிசி மூட்டையைத் தோளில் சுமந்துகொண்டு நடந்து போனவர்கள் அவர்கள். பாடசாலைகளில் தங்கவைக்கப்பட்ட குடும்பங்களின் பெயர்களை இரவு முழுவதும் கண்விழித்து எழுதியவர்கள். "அக்கா, இதையே தொழிலாக எடுத்து, உங்களைப் போல வெளிநாட்டுக்குப் போய் வேலை செய்ய என்ன படிக்க வேண்டும், யாரைப் பிடிக்க வேண்டும்?" என்று கேட்கிறார்கள். தொலைபேசியில் அவசரமாகச் சொல்லும் பதில் இந்தக் கேள்விக்குப் போதாது என்பதால் ஆறுதலாக எழுதுகிறேன்.

நான் தலவாக்கலைப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் குடும்பங்களுக்கான வரிசை அறைகளில், பிறந்தவள். 2004 சுனாமிக்குப் பின்னர் மட்டக்களப்பில் ஓர் அரச சார்பற்ற நிறுவனத்தின் கள உத்தியோகத்தராகச் சேர்ந்தேன்; பின்னர் வவுனியாவின் இடம்பெயர்ந்தோர் முகாம்களிலும், அதன் பிறகு தென்சூடானிலும் பங்களாதேஷிலும் வேலை செய்தேன். குடிநீர், மலசலகூடம், சுகாதாரம் ஆகியவை என் துறை. நிவாரணப் பணியில் மருத்துவம், உணவு, தங்குமிடம், கல்வி, பிள்ளைகளின் பாதுகாப்பு, கணக்கு, போக்குவரத்து என்று இன்னும் பல துறைகள் இருந்தாலும், நான் கையால் செய்து அறிந்தது இந்த ஒன்றையே என்பதால் இதை வைத்தே பேசுகிறேன்.

உதவ வேண்டும் என்ற மனம் உங்களிடம் இருக்கிறது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் களம் உங்களிடம் முதலில் கேட்பது ஒரு தொழிலைத்தான். அந்தத் தொழிலோடு, மலையகத்தில் பிறந்தவர்களாகிய நாம் சிறு வயதிலிருந்தே பெற்ற ஓர் அறிவையும் கொண்டு போகலாம்: நிவாரண வரிசையின் மறுபக்கத்தில் நின்றவரின் அறிவு அது. இவ்விரண்டும் சேர வேண்டும் என்பதே என் கருத்து. ஒன்று மட்டும் இருந்து மற்றது இல்லாமல் வந்தவர்கள் களத்தில் தடுமாறியதைக் கண்டிருக்கிறேன்.

முதலில் தொழிலைப் பற்றிச் சொல்கிறேன். 2017 ஆகஸ்ட் 25-க்குப் பின்னர் சில மாதங்களுக்குள் 7 இலட்சத்துக்கும் அதிகமான ரோஹிங்யா மக்கள் மியன்மாரிலிருந்து எல்லை கடந்து பங்களாதேஷின் கொக்ஸ் பஜார் மாவட்டத்துக்கு வந்தார்கள். குட்டுப்பலோங் பக்கத்துக் காட்டுக் குன்றுகளில் மரங்கள் வெட்டப்பட்டு, மூங்கிலும் தார்ப்பாயும் கொண்ட குடிசைகள் ஒன்றன்மேல் ஒன்றாக எழுந்தன. ஆரம்ப நாட்களில் அவசரத்தில் தோண்டப்பட்ட மலசலகூடக் குழிகள் ஆழமில்லாதவையாக இருந்தன. பல குழிகள் வெகு விரைவில் நிரம்பின. சில குழாய்க்கிணறுகளுக்கு மிக அருகிலேயே தோண்டப்பட்டிருந்தன. அவற்றைப் போட்டவர்களிடம் இரக்கத்துக்குக் குறைவிருக்கவில்லை. குழிக்கும் கிணற்றுக்கும் இடையில் 30 மீற்றர் தூரமாவது இருக்க வேண்டும், குழியின் அடி நிலத்தடி நீர்மட்டத்திலிருந்து ஒன்றரை மீற்றராவது மேலே நிற்க வேண்டும் என்பதை அறிந்த ஆட்கள் அந்த நெருக்கடியில் போதுமான அளவு இருக்கவில்லை. அறியாமல் செய்த உதவியினால் வயிற்றோட்டம் பரவினால், இறப்பது பெரும்பாலும் 5 வயதுக்குட்பட்ட குழந்தைகள்தான்.

இத்தகைய அளவுகளை, நிவாரண அமைப்புகள் சேர்ந்து 1997-இல் தொடங்கிய ஸ்பியர் என்ற முயற்சி ஒரு கையேடாகத் தொகுத்தது. 2018-இல் வந்த பதிப்பு இப்போது எல்லா நிறுவனங்களின் மேசையிலும் இருக்கிறது. ஒருவருக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 15 லீற்றர் தண்ணீர், ஒரு குழாய்க்கு 250 பேருக்கு மேற்படாத கூட்டம், வீட்டிலிருந்து 500 மீற்றருக்குள் தண்ணீர் எடுக்கும் இடம், அங்கே அரை மணித்தியாலத்துக்கு மேல் காத்திராத வரிசை, 20 பேருக்கு ஒரு மலசலகூடம், ஒருவருக்கு மூன்றரைச் சதுர மீற்றர் கூரையுள்ள இடம் என்று அது சொல்கிறது. இந்த எண்களை முதன்முதலில் வாசித்தபோது எங்கள் தோட்டத்தையே மனத்துக்குள் அளந்து பார்த்தேன். பீலியில் விடியற்காலையில் குடத்தோடு நிற்கும் பெண்கள் எத்தனை பேர், ஒரு லயத்துக்கு எத்தனை மலசலகூடம், பத்துக்குப் பன்னிரண்டு அடி அறைக்குள் எத்தனை பேர் படுத்தோம் என்று கணக்குப் போட்டபோது, பேரிடர்க் காலத்து அகதிக்கு உலகம் குறைந்தபட்சம் என்று விதித்ததைக்கூட நாம் சாதாரண காலத்திலேயே பெறவில்லை என்பது தெரிந்தது. அந்தக் கோபம் எனக்கு இன்றும் இருக்கிறது. என் வேலைக்கு அது பயன்பட்டும் இருக்கிறது.

கொக்ஸ் பஜாரில் என்னோடு வேலை செய்த நல்ல பொறியியலாளர்கள் சிலர் சமதரை நாடுகளில் பழகியவர்கள். 2018 மழைக்காலத்துக்கு முன், எந்தக் குன்றிலிருந்து எந்தக் குடும்பங்களை நகர்த்த வேண்டும் என்று பேச்சு வந்தபோது, சரிவின் மேல் விளிம்பில் நிலம் வெடித்திருக்கிறதா, மரங்கள் சாய்ந்து நிற்கின்றனவா, ஊற்று திடீரென்று கலங்கி வருகிறதா என்று பார்க்க வேண்டும் என்பது எனக்குத் தானாகவே தோன்றியது. இவை மலைநாட்டில் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் துண்டுப்பிரசுரங்களில் நாம் வாசித்தவை. அதற்கு முன்பே நம் பெரியவர்கள் சொன்னவை. எரிக்க விறகில்லாமல் மரங்களின் வேர்களைக்கூட மக்கள் தோண்டி எடுத்துவிட்டிருந்ததால் அந்த மண்ணைப் பிடித்துவைக்க எதுவுமே இருக்கவில்லை. அந்த ஆண்டு முகாம்களில் சமையல் எரிவாயு கொடுக்கத் தொடங்கியதற்கு அதுவும் ஒரு காரணம். நம் ஊர் அறிவைச் சிறிதாக எண்ணாதீர்கள். அதே சமயம், அதை அளவோடும் வரைபடத்தோடும் மற்றவருக்கு விளக்கும் பயிற்சி இல்லாவிட்டால் கூட்டத்தில் அதை யாரும் கேட்கப் போவதில்லை.

வரிசையின் மறுபக்கம் என்று மேலே சொன்னதை விளக்க வேண்டும். கொஸ்லந்தை மீரியபெத்தையில் 2014 ஒக்டோபர் 29-ஆம் திகதி காலை மலை சரிந்து லயங்களை மூடியபோது, காணாமற்போனவர்களின் தொகை முதல் நாட்களில் நூற்றுக்கணக்கில் சொல்லப்பட்டு, பின்னர் வெகுவாகக் குறைக்கப்பட்டது. அந்த லயங்களில் அன்று காலை யார் யார் இருந்தார்கள் என்பதற்கு உறுதியான பதிவு உடனடியாகக் கைவசம் இருக்கவில்லை. உயிர் தப்பியவர்கள் ஏறத்தாழ இரண்டு வருடங்கள் ஒரு பழைய தேயிலைத் தொழிற்சாலைக்குள் தடுப்பு வைத்து வாழ்ந்தார்கள். நம்மவர்கள் பட்டியலில் விடுபடுவது அன்று தொடங்கியதல்ல. 1948-ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலானோரை நாடற்றவராக்கியது. 1964-இல் இலங்கை, இந்தியத் தலைவர்கள் ஓர் ஒப்பந்தத்தில் நம் மூதாதையரை எண்ணிக்கையாகப் பங்கு பிரித்தார்கள். மீதமிருந்தவர்களுக்குப் பிரஜாவுரிமை வழங்கும் சட்டம் 2003-இல்தான் வந்தது. அந்த ஆண்டு தோட்டந்தோட்டமாகப் போய்ப் படிவம் நிரப்பிய பணியில் அகதிகளுக்கான ஐ.நா. உயர் ஸ்தானிகராலயமும் துணை நின்றது. என் அம்மாவின் கையில் ஒரு பத்திரம் வந்தது அப்போதுதான்.

இந்த வரலாறு உள்ளவர், முகாமில் பதிவு மேசைக்குப் பின்னால் உட்காரும்போது சிலவற்றைத் தானாகவே கவனிப்பார். பெயரை எப்படி எழுதுவது என்று அந்தப் பெண்ணிடமே கேட்பார். குடும்பத் தலைவர் என்ற கட்டத்தில் கணவன் பெயரை யோசிக்காமல் போடமாட்டார். இரண்டாம் மனைவி, தனித்து வாழும் மூதாட்டி, தாய் தகப்பனில்லாமல் பக்கத்து வீட்டில் வளரும் பிள்ளை ஆகியோர் பட்டியலில் எங்கே விழுந்துபோவார்கள் என்பது அவருக்குத் தெரியும். பங்கீட்டு இடத்தில் மக்களை வெயிலில் மணிக்கணக்கில் நிறுத்துவது அவருக்கு உடம்பிலேயே உறுத்தும். மலசலகூடக் கதவுக்கு உள்ளே தாழ்ப்பாள் இருக்கிறதா, இரவில் வெளிச்சம் இருக்கிறதா, மாதவிடாய்த் துணியைத் துவைத்து மறைவாக உலர்த்த இடம் இருக்கிறதா என்பதை, லயத்துப் பொது மலசலகூடத்துக்கு இருட்டில் அக்காவைத் துணைக்கு அழைத்துக்கொண்டு போன ஒருத்தி கேட்காமல் இருக்கமாட்டாள். ரோஹிங்யாப் பெண்கள் பலர் பகலில் மலசலகூடத்துக்குப் போவதைத் தவிர்ப்பதற்காகவே தண்ணீர் குடிப்பதைக் குறைத்திருந்தார்கள். கட்டி முடித்த மலசலகூடங்களின் எண்ணிக்கையை மட்டும் அறிக்கையில் பார்ப்பவருக்கு அது தெரியவராது. மக்களிடம் உட்கார்ந்து கேட்கிற பொறுமையை நான் இந்தத் தொழிலின் நடுவிலேயே வைக்கிறேன்.

ஆயினும் நம் துன்பம் நமக்குத் தானாக நேர்மையைத் தந்துவிடாது. கையில் பட்டியலும் முத்திரையும் வந்தவுடன் அதிகாரம் வந்துவிடுகிறது. காலையில் தொழிலாளரை வரிசையில் நிறுத்தும் பெரட்டில் பேர் கூப்பிட்ட கங்காணியின் குரல் நம் தொண்டையிலிருந்தே வரக்கூடும். 2002-இல் மேற்காபிரிக்க அகதி முகாம்களில் நிவாரணப் பணியாளர் சிலர் உணவைக் காட்டிச் சிறுமிகளைச் சுரண்டிய செய்தி வெளிவந்தது. அதன் பின்னர் 2003-இல் ஐ.நா. செயலாளர் நாயகம் வெளியிட்ட அறிவித்தல், 18 வயதுக்குட்பட்டவரோடு பாலுறவையும், பணமோ பொருளோ வேலையோ கொடுத்துப் பாலுறவு பெறுவதையும் முற்றாகத் தடை செய்தது. இன்று எந்த நிறுவனத்திலும் இது பற்றிய நடத்தை விதியில் கையெழுத்திடாமல் வேலைக்குச் சேர முடியாது. முன்பு வேலை செய்த இடங்களிலும் விசாரிப்பார்கள். அந்த விதியைச் சடங்காக எண்ணாமல் மனமார ஏற்றுக்கொள்பவர்தான் இந்தப் பக்கம் வர வேண்டும்.

இனி வழியைப் பற்றி. முகவரைத் தேடாதீர்கள். மத்திய கிழக்குக்கு ஆள் அனுப்பும் பழக்கத்தில், ஐ.நா.வில் வேலை எடுத்துத் தருகிறோம் என்று பணம் கேட்பவர்கள் நம் நகரங்களிலும் இருக்கிறார்கள். ஐக்கிய நாடுகள் சபை விண்ணப்பம், நேர்முகப் பரீட்சை, பயிற்சி என எந்தக் கட்டத்திலும் கட்டணம் வாங்குவதில்லை. பணம் கேட்டால் அது மோசடி. அங்கேயே பேச்சை நிறுத்திவிடுங்கள். பணம் கட்டி இரண்டு வாரம் ஆபிரிக்காவில் தொண்டு செய்துவிட்டு வரும் சுற்றுலாத் திட்டங்களும் உங்களுக்கு வழி திறக்காது.

திறக்கும் வழி பெரும்பாலும் உள்நாட்டு வேலையிலேயே தொடங்குகிறது. உலகெங்கும் நிவாரணப் பணியாளரில் மிகப் பெரும்பான்மையினர் தத்தம் நாட்டிலேயே வேலை செய்பவர்கள். வெளிநாட்டிலிருந்து வருபவர் சிறு தொகையினர், அவர்களும் ஏதோ ஒன்றைச் செய்து காட்டியவர்கள். எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு தாதியையோ தண்ணீர்த் தொழில்நுட்பவியலாளரையோ கணக்காளரையோ துறை அனுபவம் இன்றிக் களத்துக்கு அனுப்புவதில்லை. ஐ.நா. தொண்டர் திட்டத்தில் சர்வதேச நிபுணத்துவத் தொண்டராகச் செல்ல 27 வயதும் மூன்று வருட அனுபவமும் கேட்கிறார்கள். ஐ.நா.வின் சர்வதேச நிபுணத்துவ வகைப் பதவிகளுக்குப் பட்டப் படிப்பு தேவை. பலவற்றுக்கு முதுகலைப் பட்டமும் கேட்பார்கள். உயர்தரத்தோடு படிப்பு நின்றுவிட்டதே என்று கலங்குபவர்களுக்கு ஒன்று சொல்வேன்: குழாய் பொருத்துதல், மின்சாரம், வாகனம் திருத்துதல், களஞ்சியப் பொறுப்பு, கணக்கு ஆகியவற்றில் தேசியத் தொழிற்தகைமைச் சான்றிதழும் நல்ல அனுபவமும் உள்ளவருக்குக் களத்தின் விநியோகப் பிரிவில் இடமுண்டு. ஜெனரேட்டர் நின்றுபோன வைத்தியசாலையில் அதை ஓடவைக்கத் தெரிந்தவருக்கு இருக்கும் மதிப்பைத் தென்சூடானில் நேரில் கண்டேன்.

மொழியில் நமக்கு நல்ல அடித்தளம் இருக்கிறது. தமிழையும் சிங்களத்தையும் இரு பக்கமும் மாற்றிப் பேசி வளர்ந்த பிள்ளைகளுக்கு மூன்றாவது, நான்காவது மொழி பயமூட்டுவதில்லை. ஆங்கிலத்தில் பேசுவதை விட எழுதுவதில் கூடுதல் பயிற்சி தேவை, ஏனெனில் களத்தில் ஒவ்வொரு நாளும் அறிக்கை எழுத வேண்டும். தெளிவாக எழுதாத அறிக்கையை நம்பி யாரும் பணம் ஒதுக்கமாட்டார்கள். ஆபிரிக்காவின் பல களங்களுக்குப் பிரெஞ்சு வேண்டும். அரபு தெரிந்தவர்களுக்கு எப்போதும் தேவை இருக்கிறது. கியர் வண்டி ஓட்டும் சாரதி அனுமதிப்பத்திரத்தை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இலங்கைச் செஞ்சிலுவைச் சங்கத்தின் மாவட்டக் கிளையில் முதலுதவி கற்றுக்கொள்ளுங்கள். காயா என்ற இணையத் தளத்தில் நிவாரணப் பணி பற்றிய பாடங்களும், ஐ.நா.வின் தளத்தில் பீசேஃப் என்ற பாதுகாப்புப் பாடமும் இலவசமாகக் கிடைக்கின்றன. வெற்றிடங்களை ரிலீஃப்வெப் தளத்தில் பார்க்கலாம். எனக்கு முதல் வெளிநாட்டு ஒப்பந்தம் அங்கு கண்ட ஓர் அறிவித்தலிலிருந்தே வந்தது.

அதற்கு முன்பாக, உங்கள் பத்திரங்களை மேசையில் பரப்பிப் பாருங்கள். பிறப்பத்தாட்சிப் பத்திரத்தில் ஒரு பெயர், அடையாள அட்டையில் இன்னொரு எழுத்துக்கூட்டல், பாடசாலைச் சான்றிதழில் முதலெழுத்து இல்லை, அப்பாவின் பெயர் ஓரிடத்தில் அரைகுறை என்பது தோட்டங்களில் சர்வசாதாரணம். எழுத வந்தவர் தமிழ் அறியாதவராக இருந்திருப்பார். வீட்டில் அதை வாசித்துச் சரிபார்க்க ஆளில்லாமல் இருந்திருக்கும். நெருக்கடிக் களத்துக்கு ஆள் தேவைப்படும்போது இரண்டு வாரத்தில் வா என்பார்கள். பெயர்த் திருத்தத்துக்கு அந்த அவகாசம் போதாது. திறமையான ஒரு தோழி இந்தக் காரணத்தால் மட்டுமே ஒரு வாய்ப்பை இழந்தாள். மாவட்டப் பதிவாளர் அலுவலகத்துக்கு இப்போதே போங்கள்.

ஆபத்தைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன், ஆனால் மறைக்கமாட்டேன். 2006 ஆகஸ்ட் மாதத்தில் நம் நாட்டின் மூதூரில் ஒரு பிரெஞ்சு நிவாரண அமைப்பின் உள்ளூர்ப் பணியாளர் 17 பேர் தங்கள் அலுவலக வளவுக்குள்ளேயே கொல்லப்பட்டார்கள். இன்றுவரை அதற்கு நீதி கிடைக்கவில்லை. 2024-இல் உலகெங்கும் 383 நிவாரணப் பணியாளர் கொல்லப்பட்டதாக ஐ.நா. அறிவித்தது, அவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் காஸாவில். ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் காப்புறுதி, ஆபத்து நேரத்தில் வெளியேற்றும் ஏற்பாடு, ஓய்வு விடுமுறை ஆகியவற்றை எழுத்தில் கேளுங்கள். கேட்பதில் வெட்கம் எதுவும் இல்லை. 2016-இல் மலேரியா அற்ற நாடாக அறிவிக்கப்பட்ட இலங்கையில் வளர்ந்த உங்களுக்கு அந்தக் காய்ச்சலின் பயமே இருக்காது. ஆபிரிக்காவில் நுளம்பு வலையையும் தடுப்பு மாத்திரையையும் ஒரு நாளும் தவறவிடக்கூடாது. மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ் இல்லாமல் பல நாடுகளுக்குள் நுழைய முடியாது.

அம்மா அப்பாவிடம் சொல்வது இவற்றை விடக் கடினம், குறிப்பாகப் பெண் பிள்ளைகளுக்கு. என் அம்மா கடைசி வரை நான் செய்தது என்ன வேலை என்பதை அயலவருக்கு விளக்க முடியாமல், "புள்ள தண்ணி குடுக்குற வேலைக்குப் போயிருக்கு" என்றே சொல்லி வந்தார். அதைவிடச் சரியாக என் பதவியை யாரும் சொன்னதில்லை.

இப்போது இந்தத் துறையின் நிலை நன்றாக இல்லை என்பதையும் நீங்கள் அறிய வேண்டும். 2025 ஜனவரியில் அமெரிக்கா தன் வெளிநாட்டு உதவியை நிறுத்தி வைத்தது, ஜூலையோடு யூ.எஸ்.எயிட் என்ற நிறுவனமே மூடப்பட்டது. ஐ.நா. முகவர் அமைப்புகளும் தொண்டு நிறுவனங்களும் ஆயிரக்கணக்கில் ஆட்களைக் குறைத்தன. நீண்ட அனுபவமுள்ள என் நண்பர்கள் பலர் வேலை தேடிக்கொண்டிருக்கிறார்கள். பணம் குறைந்தால் அதன் சுமை களத்தில் எப்படி விழுகிறது என்பதை முன்பே அனுபவித்திருக்கிறேன். 2023-இல் ரோஹிங்யா அகதிகளின் மாத உணவுப் பங்கு ஒருவருக்கு 12 டொலரிலிருந்து 10-க்கும், பின்னர் 8 டொலருக்கும் குறைக்கப்பட்டது. தீர்மானம் எடுத்தவர்கள் தொலைவில் இருந்தார்கள். குடிசைக்குக் குடிசை போய்த் தாய்மாரின் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டியவர்கள் களப் பணியாளர்களாக இருந்தார்கள். என் துறை உணவு அல்ல. ஆனாலும் தண்ணீர்க் குழாயடியில் என்னிடமும் கேட்டார்கள், தெரிந்ததை ஒளிக்காமல் சொன்னேன். அதைக் கேட்டுக்கொண்டு ஒரு மூதாட்டி என்னை உட்காரச் சொல்லி வெற்றிலை தந்தார்.

ஆகவே, வெளிநாட்டு அழைப்பு வரும் வரை காத்திருக்கலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில், வேண்டாம் என்பதே. டித்வாவில் நாடு முழுவதும் 600-க்கும் அதிகமானோர் இறந்தார்கள். அவர்களில் பெருந்தொகையினர் மலைநாட்டு மண்சரிவுகளில் புதைந்தவர்கள். வீடிழந்த குடும்பங்கள் தற்காலிகக் கூரைகளின் கீழ் இருக்கின்றன. திரும்பிப் போகக் கூடாத சரிவுகளைத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் அடையாளப்படுத்திக்கொண்டிருக்கிறது. மாற்றுக் காணியைப் பற்றிய பேச்சு பிரதேச செயலகத்துக்கும் தோட்ட நிர்வாகத்துக்கும் இடையில் இழுபடுகிறது. இந்த வேலைகளில் எந்த நிறுவனம் குறைந்த சம்பளத்துக்குக் கூப்பிட்டாலும் சேருங்கள். ஹப்புத்தளைப் பக்கத்துத் தங்கை ஒருத்தி, மீள்குடியேற்றத் திட்டமொன்றில் கிடைத்த ஆறு மாத ஒப்பந்தத்தை எடுப்பதா, வெளிநாட்டு விண்ணப்பங்களுக்காக ஓய்வாக இருப்பதா என்று கேட்டாள். எடுக்கச் சொன்னேன், எடுத்திருக்கிறாள். ஒவ்வொரு தங்குமிடத்திலும் ஒருவருக்கு எத்தனை லீற்றர் தண்ணீர் கிடைக்கிறது, குழாயடியில் எவ்வளவு நேரம் நிற்கிறார்கள், மலசலகூடம் எத்தனை பேருக்கு ஒன்று, பெண்கள் இரவில் அங்கே போகிறார்களா, பட்டியலில் விடுபட்டவர் யார், அதைச் சரிசெய்ய யாரிடம் போனாய், என்ன நடந்தது என்று திகதியிட்டு எழுதி வைக்கச் சொல்லியிருக்கிறேன். பின்னொரு நாள் ஜெனீவாவிலிருந்தோ நைரோபியிலிருந்தோ ஒருவர் திரையில் தோன்றி, கடினமான ஒரு நிலைமையில் நீங்கள் செய்ததைச் சொல்லுங்கள் என்று கேட்கும்போது, அவள் எடுத்துச் சொல்ல வேண்டியது அந்தக் கொப்பியில் இருப்பதைத்தான்.